அணைக்காமல் விட்ட கதிர்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் ஸ்கேன் அக்கா. ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருந்த பேராசிரியரே அவளை அப்படித்தான் கூப்பிடுவார் என்றால் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும்! சம்பளப் பட்டியலில் அவளுக்கென்று வேறு பெயர் இருக்கத்தான் இருந்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பாள்.

அதற்கு முன்னால் பதினொரு வருஷம் ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறையில் இருந்தவள். "மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க" என்று நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனவள். தேவைக்கு மேல் ஒரு நொடிகூட ஆள்மேல் கதிரை விடக்கூடாது என்பதுதான் அங்கே அவள் படித்த முதல் பாடம். அதில் அவள் படு கறார். படம் சரியில்லை, இன்னொன்று எடு என்று டாக்டர் சொன்னால், "முதல்ல இதை ஒழுங்காப் பாருங்க டாக்டர், அப்புறம் எடுக்கலாம்" என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுவாள். இந்த வாய்க்கு அங்கே ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போய் அவளாகத்தான் வெளியே வந்தாள். பேசாத, வலிக்காத பொருள்களைப் படம் பிடிக்கும் வேலை என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆய்வுக்கூடத்தின் ஸ்கேன் இயந்திரம் என்பது ஈயத்தகடு அடித்த ஆள் உயரப் பெட்டி. உள்ளே ஒரு பக்கம் கதிர் புறப்படும் குழாய், எதிர்ப்பக்கம் படத்தை வாங்கும் பலகை, நடுவில் சுழலும் ஒரு சின்ன மேடை. மேடையில் வைத்த பொருள் இம்மி இம்மியாகச் சுற்றும். ஒவ்வோர் இம்மிக்கும் ஒரு படம். ஒரு முழுச் சுற்றுக்கு ஆயிரத்து அறுநூறு. அத்தனையையும் கணினி சேர்த்துக் கொடுத்தால், பொருளை அறுக்காமலே அதன் உள்வயிறு முழுக்கத் திரையில் வந்து நிற்கும். மேலிருந்து கீழ்வரை ஏடு ஏடாகப் புரட்டிப் பார்க்கலாம். தலைமுடியை ஐம்பதாகப் பிளந்தால் எவ்வளவோ அவ்வளவு மெல்லிய விரிசல்கூடத் தப்பாது.

பெரும்பாலும் அவள் படம் பிடித்தது எரிபொருள் செல்களை. பேருந்து ஓட்டப்போகும் செல்கள். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் பாலித்தீன் தாள்போல ஒரு படலம், படலத்தின் இரண்டு முகத்திலும் மை பூசினாற்போல ஒரு கருப்புப் பூச்சு. மின்சாரம் வரும், கூடவே தண்ணீர் வரும், புகை வராது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் சூட்சுமமெல்லாம் அந்தப் பூச்சில்தான். அது வெடித்தால் செல் போச்சு.

கதிர்க்குழாய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அணைத்தால் ஆறிப்போகும். மறுபடி போட்டால் நிதானத்துக்கு வர முக்கால் மணி நேரம் எடுக்கும். அப்போதும் கதிர் புறப்படும் புள்ளி பழைய இடத்தில் இருக்காது. காலையில் எடுத்த படத்தின்மேல் மாலையில் எடுத்த படத்தை வைத்தால் ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும். படித்தவர்கள் இதற்குக் கணக்குப் போட்டுப் போட்டு மண்டை காய்ந்தார்கள். ஸ்கேன் அக்கா ஒரே வழி கண்டுபிடித்தாள். அணைக்கவே வேண்டாம். ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் கதிர் தன்பாட்டில் எரியட்டும். பெட்டிக்கு வெளியே ஒரு துளி கசியாது, கதவைத் திறந்தாலும் ஓர் ஈயமூடி குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பது என்ன பிள்ளைத்தாய்ச்சியா, பயப்பட? படங்கள் ஆணி அடித்தாற்போல நின்றன. பேராசிரியர் போகிற இடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். பதிவேட்டில் ஸ்கேன் எடுத்த நேரத்தை அவள் ஒழுங்காக எழுதிவந்தாள். நடுவில் எரிந்த நேரத்துக்கு அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பூச்சுக்காரர். ஊர் ஓரத்தில் பதினொரு பேர் வேலை செய்த ஒரு பட்டறையில், இந்தக் கருப்பு மையைக் கலக்கி, படலத்தில் பூசி, அடுப்பில் உலர்த்தி, சுருளாகச் சுற்றிக் கொடுக்கும் வேலை. அப்பா செத்தபோது இவளுக்குப் பன்னிரண்டு வயசு. படிக்கவைத்து ஆளாக்கியது அண்ணன்தான். கல்யாணமான ஒரே வருஷத்தில் இவள் பெட்டியோடு திரும்பி வந்து நின்றபோது, "மாடி ரூம்ல ஃபேன் மாட்டிட்டேன் பாப்பா" என்றார். அத்தோடு சரி. ஏன், என்ன என்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷர்.

பேருந்து செல் செய்யும் ஒரு கம்பெனி அந்தப் பட்டறையின் பூச்சை எடுத்துக்கொள்வதாக இருந்தது. ஒரே நிபந்தனை: ஆய்வுக்கூடத்தில் முந்நூறு மணி நேரம் ஓட்டிப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். பூச்சு தேறினால் பட்டறைக்குப் பத்து வருஷ வேலை. தேறாவிட்டால் மூட வேண்டியதுதான். வாங்க வேறு ஆள் கிடையாது.

அவள் பேராசிரியரிடம் போனாள்.

"சார், இதப் பூசினது எங்க அண்ணன். வேற யாராவது ஸ்கேன் பண்ணட்டும்."

"உங்களை விட்டா வேற யாரு இருக்கா? படம் என்ன, அண்ணன் தம்பி பாத்தா வருது?"

அதுவும் சரிதான் என்று வந்துவிட்டாள். ஆனால் மனசுக்குள் ஒரு முள். அண்ணன் என்பதால் விட்டுக்கொடுத்தாள் என்று ஒரு நாக்கும் சொல்லிவிடக் கூடாதே! மற்ற செல்கள் பக்கத்து அறை மேஜைமேல் ஓடும், ஸ்கேனுக்கு மட்டும் பெட்டிக்குள் வரும். கழற்றி மாட்டுவதில் படம் கொஞ்சம் பிசகும், யாரும் பெரிதுபடுத்துவதில்லை. அண்ணன் செல்லுக்கு அந்தப் பிசகும் வேண்டாம் என்று அவள் முடிவுசெய்தாள். முந்நூறு மணி நேரமும் அதைப் பெட்டிக்குள்ளேயே ஓட்டினாள். ஆறு ஸ்கேன் எடுக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு எடுத்தாள். பன்னிரண்டரை நாள், கதிர் அணையவே இல்லை. அதே சுருளில் வெட்டிய இன்னொரு துண்டு, வழக்கம்போல ஒப்பிட்டுப் பார்க்க மட்டும், பக்கத்து அறை மேஜைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

தொண்ணூறாவது மணியில் ஒரு கோடு விழுந்தது. தூசியாக இருக்கும் என்று நினைத்தாள், நினைக்க ஆசைப்பட்டாள். நூற்றைம்பதில் அது கிளைவிட்டது. முந்நூறாவது மணியில் பூச்சு வறண்ட குளத்து மண்போல வெடித்துக் கிடந்தது. மேஜைமேல் ஓடிய துண்டு மின்சாரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்தது. பேராசிரியர் அதைப் பார்த்து, "இரட்டைப் பிள்ளையிலகூட ஒண்ணு சவலையா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறிக்கையை அனுப்புவதற்கு முன்னால் அண்ணனுக்குக் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் பரப்பினாள். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவள் பேனாவால் ஒவ்வொரு விரிசலாகத் தொட்டுக் காட்டினாள்.

"மை சரியில்லையா, உலத்துனது சரியில்லையா?"

"படத்துல அது தெரியாதுண்ணா."

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "சரி. உள்ளதத்தானே எழுத முடியும். எழுதிடு பாப்பா" என்றார்.

எழுதினாள். கம்பெனி பட்டறையைக் கைகழுவியது. ஆறே வாரத்தில் பட்டறையை மூடினார்கள். பூச்சு இயந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி லாரியில் ஏற்றிப் பழைய இரும்புக்குக் கொண்டுபோனார்கள். இருபத்திரண்டு வருஷம் முடியிழையில் பாதித் தடிமனுக்கு மை பூசிய கை, ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டப் போனது. வீட்டில் அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. அண்ணிதான் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள். ஸ்கேன் அக்கா உள்ளதைத்தானே சொன்னோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாடிப்படி ஏறுவாள்.

நாலு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். வேறொரு சோதனைக்கு, செல்லை மாட்டி ஓட்டும் இரும்புச் சட்டம் தேவைப்பட்டது. மேஜைமேல் ஓடிய அந்தப் பழைய துண்டு அதில் இன்னும் மாட்டியபடியே இருந்தது. தூக்கிப்போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படம் எடுத்துவிடலாமே என்று பெட்டிக்குள் வைத்தாள். விசேஷமாக ஒன்றும் நினைக்கவில்லை.

ஒரு விரிசல்கூட இல்லை.

துண்டு மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். துண்டோடு கட்டியிருந்த சீட்டை மூன்று தடவை பார்த்தாள். அதே சுருள், அதே தேதி, அதே முந்நூறு மணி. அலமாரியிலிருந்து வெடித்த செல்லை எடுத்து வந்தாள். ஸ்கேனில் எப்போதும் செல்லின் நடுப்பகுதிதான் விழும். கதிர் படுகிற இடமும் அது மட்டும்தான். ஓரங்களை யாரும் பார்ப்பதில்லை, பார்க்கத் தேவையும் வந்ததில்லை. இந்தத் தடவை மேடையை நகர்த்தி நகர்த்தி முழுசையும் எடுத்தாள்.

நடுவில் வறண்ட குளம். அதைச் சுற்றி, காம்பஸ் வைத்துக் கிழித்தாற்போல, சுத்தமான ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே அண்ணன் பூசிய பூச்சு பூசிய அன்றைக்கு இருந்தபடியே வழவழவென்று இருந்தது. செல் ஓடி வெடித்திருந்தால் எல்லா இடத்திலும் அல்லவா வெடித்திருக்கும்! பன்னிரண்டரை நாள் இரவு பகலாகக் கதிரைக் குடித்த இடம் மட்டும் வெடித்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு நொடிக்கு டாக்டரோடு சண்டை போட்டவள், அண்ணன் பிழைப்பை முந்நூறு மணி நேரம் பொசுக்கியிருக்கிறாள். அதுவும் அக்கறையோடு! மற்றவர்கள் செல்லைப்போல அரைகுறையாகப் பார்த்திருந்தால் அது பிழைத்திருக்கும். அவள் தரையில் உட்கார்ந்து, பெட்டியில் சாய்ந்துகொண்டு, வாய்விட்டு அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பேராசிரியரிடம் போனாள்.

"சார், பூச்சு வெடிக்கல. நான்தான் வெடிக்க வச்சிருக்கேன்."

அவர் இரண்டு படங்களையும் பார்த்தார். "நடுவுல அணைக்கவே இல்லையா?"

"எப்பவும் அணைக்கிறதில்லையே சார்."

"பன்னெண்டு நாளுமா?"

"பன்னெண்டு நாளும்."

நல்லவர்தான், பழியை அவள் தலையில் போடவில்லை. "நானாவது கேட்டிருக்கணும்" என்று சொல்லி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து கம்பெனிக்கு விவரமாகக் கடிதம் எழுதினார்கள். மறைக்காமல், பூசி மெழுகாமல் எழுதினார்கள். மூன்று வாரம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி. முடிவு பல காரணங்களைக் கொண்டு எடுக்கப்பட்டது. வேறொருவரின் பூச்சு ஏற்கெனவே பேருந்துகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலும் வெற்றிகள் பெற வாழ்த்துகள். வாழ்த்தாம்! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்தவளுக்கு வாழ்த்து.

அந்தப் பதில் வரும்வரை அவள் அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை. நல்ல சேதியோடு சேர்த்துச் சொல்லலாம் என்று இருந்தாள். இனி நல்ல சேதி என்று ஒன்று இல்லை. ஆனாலும் ஒன்று பாக்கி இருக்கிறது, அவர் கை தப்புச் செய்யவில்லை என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அதையாவது கொடுத்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை படங்களோடு கீழே இறங்கினாள். அண்ணன் சமையலறை மேஜையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உன் பூச்சுல ஒரு தப்பும் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். கதிர், வட்டம், மேஜைமேல் ஓடிய துண்டு, கம்பெனியின் நாலு வரி. அண்ணி குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள். அண்ணன் படங்களைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"இது வேற துண்டு பாப்பா."

"அதே சுருள்தாண்ணா. சீட்டு இருக்கு, பாரு."

"என் மனசு ஆறணும்னு சொல்றே. எனக்குத் தெரியாதா? விடு. நடந்தது என் தப்புதான்."

"உன் தப்புன்னு யார் சொன்னா?"

"நானேதான். நீ படம் எடுத்தியே, அந்த ரெண்டாவது சுருளுக்கு அடுப்புல சூடு ஏறிப்போச்சு. கவனிக்காம விட்டுட்டேன்."

"பட்டறையை மூடுன வாரமே பத்து பேர் வீட்டுக்கும் போனாரு" என்றாள் அண்ணி. "என் கையாலதான் உங்க பொழப்பு கெட்டுச்சுன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாரு. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுட்டாரு."

ஸ்கேன் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணன் எதிரில் உட்கார்ந்தாள். சுருளோடு வந்த அடுப்புப் பதிவேட்டை அவளே வரி வரியாகப் படித்திருக்கிறாள். சூடு ஒரு டிகிரி அசையவில்லை.

"அண்ணா, பதிவேடு எங்ககிட்ட இருக்கு. சூடு ஏறவே இல்ல. மணிக்கு மணி நீதானே எழுதியிருக்கே?"

"எழுதினவன் நான்தானே? தப்பா எழுதியிருப்பேன்."

"அப்படி ஒண்ணு நடக்கவே இல்லண்ணா!"

"நடந்துச்சு பாப்பா." அவர் படங்களை அடுக்கி, விளிம்பு சேர்த்து, அவள் பக்கம் தள்ளி வைத்தார். "எனக்கும் மொதல்ல ஞாபகம் வரல. நீ அன்னிக்குக் காட்டின படத்தத் திரும்பத் திரும்ப நெனச்சுப் பாத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு."