நாலு மூலையிலும் மஞ்சள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுமையெல்லாம் கையில்தான். இரண்டும் எப்படி ஒரே உடம்பில் வந்து சேர்ந்தன என்று என் கணவர் அடிக்கடி கேட்பார்.

திறந்தவுடன் உள்ளே இருப்பது எழுந்து நிற்கிற வாழ்த்து மடல்களை, கொரோனா ஊரடங்குக் காலத்தில் கைபேசியில் பார்த்துச் செய்யப் பழகினேன். ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி அன்றிலிருந்து என்னுடையது. பிறிஸ்டல் மட்டை, அடிமட்டம், பிளேட், ஒட்டுவதற்கு வெள்ளைக் கம், மை தீர்ந்த பேனா ஒன்று, இவ்வளவும் போதும். அந்தப் பேனாவால் அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடித்தால் மட்டை வெடிக்காது. பிறந்தநாளுக்குக் கேக் எழும்பும். குடிபுகுதலுக்குக் கதவு திறக்கும். நான் வேலை பார்க்கும் கந்தோரில் யாராவது இடமாற்றம் பெற்றுப் போனால், இழுக்க இழுக்கப் பஸ் ஓடும். கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு செய்து கொடுத்திருக்கிறேன். பயந்து பயந்து செய்த மடல் ஒன்றே ஒன்றுதான்.

அது நயினாதீவில் இருக்கும் என் தோழிக்கு. அவளும் நானும் ஒரே கந்தோரில் பதினொரு வருடம் பக்கத்துக் கதிரைக்காரர். அவள் தினமும் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, பஸ் பிடித்து, வேலணையில் இறங்கி வேறு பஸ் ஏறி வருவாள். நான் நடந்து ஐந்து நிமிடத்தில் வருபவள். ஆனாலும் வரவுப் புத்தகத்தில் அவளுடைய கையெழுத்துக்குக் கீழேதான் என்னுடையது இருக்கும். மத்தியானத்தில் இரண்டு பேருடைய சாப்பாடும் ஒரே பெட்டி மூடியில் கலந்துவிடும்.

அவளுடைய வீட்டில் இராகுகாலம் பார்க்காமல் தோசைக்குக்கூட மா கரைக்கமாட்டார்கள். அதைச் சொல்லி நான் கேலி செய்வேன், அவளும் சிரிப்பாள். ஒருநாள் அவளுடைய மகளுக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று, சாதகம் பொருந்தவில்லை என்று நின்றுபோனது. சாப்பிட இருந்தபோது கண் கலங்கிச் சொன்னாள். ஆறுதலாக ஒரு சொல் சொல்லவேண்டிய நேரத்தில், கந்தோர் முழுக்கக் கேட்க நான் சொன்னது இது: "உம்மடை சாத்திரம் பிள்ளையைக் குமராய் வீட்டிலை வைச்சிருக்கத்தான் உதவும்."

அவள் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் மாதம் நயினாதீவுக்கே இடமாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வருடம் போனது. அவளுடைய இலக்கத்தைக் கைபேசியில் எடுத்துப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். ஊரில் உள்ள எல்லாரைப் பற்றியும் கதைக்கத் தெரிந்த எனக்கு, பிழை என்னுடையது என்று சொல்ல மட்டும் நா எழவில்லை. வெட்கமாக இருந்தது. கதைக்காமல் போனாளே என்று அவள் மேல் கோபமாகவும் இருந்தது. அவள் இல்லாமல் மத்தியானச் சாப்பாடு தொண்டையில் இறங்கவும் மறுத்தது.

இந்த வருடம் வைகாசியில் அந்த மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. கந்தோருக்கு ஒரு அழைப்பிதழ் வந்தது. மேலே 'உத்தியோகத்தர்கள் அனைவருக்கும்' என்று எழுதியிருந்தது. எனக்கென்று தனியாக ஒன்று இல்லை. யாரில் குறை சொல்வது? அன்று பின்னேரமே மட்டையை எடுத்து மேசையில் போட்டேன்.

மடலைத் திறந்தால் கலியாணப் பந்தல் எழும்பும், இரண்டு பக்கமும் வாழை நிற்கும். வலது பக்கத்துக் கடுதாசி நாடாவை இழுத்தால் நீலக் கடலில் ஒரு படகு குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும். இடது பக்கம், கீழ் மூலையில் இன்னொரு சின்ன நாடா. அதை இழுத்தால் பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு பலகை மெல்ல மேலே வரும். அதில் எழுதினேன்: 'அன்று நான் சொன்னது பிழை. மன்னித்துக்கொள்ளும்.'

படகும் பந்தலும் சோடனைதான். அந்தப் பலகைக்காகத்தான் மடலே. மூன்று தரம் பிழைத்தது. ஒருமுறை மடலை மூடினால் பலகை வெளியே எட்டிப் பார்த்தது, கிழித்து எறிந்தேன். நாலாவது சரியாக வந்ததும் இருபது தரமாவது இழுத்துப் பார்த்திருப்பேன். தடையில்லாமல் ஏறியது, இறங்கியது.

வெள்ளிக்கிழமை எங்கள் கந்தோர் அக்கா ஒருவர் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போவதாக இருந்தார். எனக்குக் காலையில் வெள்ளென வெளிவேலை. மடலை உறையில் போட்டு, ஒட்டாமல், பஸ் நிலையத்தில் அவரிடம் கொடுக்கும்படி கணவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். பின்னேரம் வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன்.

"குடுத்திட்டியளோ?"

"ஓம், குடுத்தனான். ஆனா நீர் ஒண்டை மறந்து போனீர். நல்லகாலம், நான் கண்டனான்."

"என்னத்தை?"

"கலியாண வீட்டுக்குப் போற கடுதாசி. மஞ்சள் வைக்க வேண்டாமோ? வெளியிலை எடுத்து, நாலு மூலையிலும் வடிவாய் வைச்சுத்தான் குடுத்தனான்."

"தண்ணியிலை குழைச்சோ?"

"பின்னை, தூளாயே கொட்டுறது?"

வெள்ளைக் கம் ஈரம் பட்டால் இளகும், காய்ந்தால் பிடித்த இடத்தை விடாது. இடது கீழ் மூலையில் மஞ்சள் ஊறியிருந்தால் நாடா உள்ளேயே ஒட்டியிருக்கும். பந்தல் எழும்பும், படகு ஓடும், பலகை மட்டும் வராது. அவள் பார்த்துவிட்டு, கைவேலை காட்டி அனுப்பியிருக்கிறாள், ஒரு சொல் கேட்க மனமில்லை என்று நினைப்பாள். வாயில் வந்ததையெல்லாம் கணவரைப் பார்த்துக் கொட்டினேன். நல்லது செய்யப்போன மனிதர், நான் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் சொன்னார்: "அப்ப நீரே போய்ச் சொல்லும். வாய் இருக்குத்தானே."

அன்றிரவே சேலையை எடுத்து வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் புறப்பட்டுக் குறிகட்டுவானுக்குப் போனேன். கடல் அலையில்லாமல் கிடந்தது. படகில் கோயிலுக்குப் போகிற சனம் பூத்தட்டோடு இருந்தது. நான் வழி முழுக்க இரண்டே இரண்டு வசனத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். கோபுரம் கிட்ட வர வர அவை இன்னும் பாரமாயின.

அவளுடைய வீட்டில் பலகாரம் சுடத் தொடங்கியிருந்தார்கள். படலையடியிலேயே எண்ணெய் மணந்தது. என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்கோ, இருங்கோ."

கந்தோருக்கு வருகிற ஆட்களிடம் அப்படித்தான் சொல்வாள். நான் கதிரை நுனியில் இருந்தேன். அவள் உள்ளே போய் அலுமாரியிலிருந்து மடலை எடுத்து வந்து எனக்கு முன்னால் விரித்தாள். பந்தல் எழும்பியது. நாலு மூலையிலும் தாராளமாக மஞ்சள். ஒன்றில் என் கணவரின் பெருவிரல் அப்படியே பதிந்திருந்தது.

"உம்மடை கைவேலை எண்டு கண்ட உடனை தெரிஞ்சுது," என்றாள். குரல் இளகியிருந்தது. "ஆனா இந்த மஞ்சளைப் பாத்துத்தான் நான் அழுதனான். இதுகளிலை உமக்கு நம்பிக்கை இல்லை. எண்டாலும் எங்கடை பிள்ளைக்காக வைச்சு அனுப்பியிருக்கிறீர். அதோடை எல்லாத்தையும் விட்டிட்டன்."

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். எல்லாம் சரியாகியிருக்கும். மூலையில் ஒரு நாடா இருப்பதையே அவள் கவனிக்கவில்லை. உண்மையைச் சொல்லப்போய், கிடைத்த தோழியை மறுபடி இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். ஆனால் நான் வைக்காத மஞ்சளுக்கு இவள் அழுதுவிட்டாளே என்று நினைக்க, இருக்கமுடியவில்லை.

"மஞ்சள் நான் வைச்சதில்லை," என்றேன். "அவர் வைச்சவர். நான் வைச்சது இது."

இடது மூலை நாடாவைப் பிடித்து இழுத்தேன். அது அறுந்து கையோடு வந்தது. அவளுடைய முகம் மாறியது. கையில் ஒரு துண்டுக் கடுதாசியோடு நான் இருந்தேன்.

"உள்ளுக்கை ஒரு பலகை இருக்கு. அதிலை எழுதினது..." அவளை நிமிர்ந்து பார்த்தேன். "அண்டைக்கு நான் சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

குசினியில் யாரோ பலகார அச்சை எண்ணெயில் முக்கும் சத்தம் கேட்டது. பிறகு அறுந்த நாடாவை என்னிடமிருந்து வாங்கி, பந்தலுக்குள் வைத்து, மடலை மூடினாள்.

"தாரும், கொண்டுபோய்ப் புதுசாய்ச் செய்து அனுப்புறன்," என்றேன்.

"வேண்டாம். இது இப்பிடியே இருக்கட்டும். உள்ளுக்கை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும்தானே."

மடலை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பி, என் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"எழும்பும். அச்சுப் பலகாரம் சுட ஆள் காணாது. உம்மடை வாய்க்கு இண்டைக்கு வேலை முடிஞ்சுது. இனிக் கையைத் தாரும்."

நான் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அவளுக்குப் பின்னால் குசினிக்குப் போனேன்.