சண்டையில் பிறந்த கடலை மெஷின்

காலையில் போர்ச் செய்தி கேட்காமல் மயில்சாமி வெல்டிங் ராடைத் தொடமாட்டார். கடலுக்கு அப்பால் எவ்வளவு குண்டு விழுந்ததோ அவ்வளவுக்கு அன்று காப்பி இனிக்கும். சண்டை ஓயப்போகிறது என்று யாராவது சொல்லிவிட்டால், எழவு வீட்டுக்கு வந்தவரைப் போல உட்கார்ந்துவிடுவார்.

கப்பல் நின்றதும் வெளிநாட்டிலிருந்து கடலை உடைக்கும் மெஷின் வருவதும் நின்றுபோனது. சேந்தமங்கலம் சாலையில் கேட்டும் ஜன்னலும் செய்துகொண்டிருந்த மனிதர் ஒரே மாதத்தில் மெஷின் கம்பெனி முதலாளியாகிவிட்டார். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைதானே. பழைய வெளிநாட்டு மெஷின் ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பார்த்துச் செய்ததில், பச்சைப் பெயிண்ட் மட்டும் அப்படியே வந்தது. சல்லடைக்குப் போட்டது, கேட்டுக்கு வாங்கி மிஞ்சிய கம்பி. "வெளிநாட்டுக்காரனுக்கு நாம எளப்பமாங்க?" என்பார்.

பார்க்க வருகிறவர்களுக்கு வறுத்த கடலையைப் போட்டுத்தான் ஓட்டிக் காட்டுவார். ஓட்டியதும் ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுப்பார். வாயில் போட்டு மென்ற பிறகு, பருப்பு முழுசா உடைசலா என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

நேற்று கண்ணாத்தாள் கூலி கொடுத்து உடைத்துப்போக இரண்டு மூட்டை விதைக்கடலையோடு வந்தாள். மழை பெய்து காடு ஈரமாகக் கிடந்தது. ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். உடைந்த பருப்பு முளைக்காது. முதல் மூட்டை ஓடி முடிந்ததும் கீழே கைவிட்டு அள்ளி, மயில்சாமியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். பாதிக்குப் பாதி பிளந்திருந்தது.

"ஏனுங்க, இதயா நாங் காட்டுல போடறது? மொளைக்குமுங்களா?"

"நா என்னங்க்கா பண்றது? சண்டைங்க. நல்ல பேரிங்கே வரமாட்டேங்குது."

போன வாரம் அவர் வண்டி பஞ்சரானதற்கும் சண்டைதான் காரணம். கண்ணாத்தாளுக்கு ஒரு வருஷத்து விதையில் கால்வாசி போயிற்று.

"அடுத்த மூட்டயத் தொட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு, கை கழுவப் பட்டறைக்குப் பின்னால் போனாள். குழாயடியில் மயில்சாமியின் மனைவி ஸ்ரீதேவி உட்கார்ந்து, கடலையை ஒவ்வொன்றாகக் கையால் உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் முழுப் பருப்பு குவிந்திருந்தது.

"என்ன கண்ணு, ஊட்லயே மெஷினிருக்க, கையில ஒடைக்கற?"

"எங்க காட்டு வெதைங்க்கா. மெஷின்ல போட்டா ஒடஞ்சு போயிருமுன்னு அவருதாஞ் சொன்னாரு."

பின்னாலேயே வந்து நின்ற மயில்சாமி, கீழே கிடந்த காலிச் சாக்கைக் காலால் இழுத்து, அந்தக் குவியலை மூடினார்.