மாமா வாங்கிய புல்வெட்டும் மெஷின்

அந்த அட்டைப்பெட்டியின் மேல் ஒரு படம் அச்சடித்திருந்தார்கள். பெரிய வீடு, வீட்டுக்கு முன்னால் ஒரே மட்டமாகப் புல்தரை, அதில் மெஷினைத் தள்ளிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரன். பெட்டியை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் போட்டு, அது சரியாமல் இருக்க அதன் மேலேயே குந்திக்கொண்டு, கல்மண்டபம் ரோடு முழுக்க எல்லாரிடமும் திட்டு வாங்கியபடி கல்லறைத் தோட்டத்து வாசலில் வந்து இறங்கினார் என் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஹார்பரில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். எங்கள் கோயிலின் கல்லறைக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். வேறு யாரும் அந்த வேலைக்கு வராததால் தலைவர். "இது நம்ம எடத்துக்கு ஆவாது மாமா, அந்தப் படத்தப் பாரு" என்றேன். "உனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கெட" என்றார். ஒரு காரியத்தை ஏன் செய்கிறார், ஏன் செய்யாமல் விடுகிறார் என்று அந்த மனுஷன் வாய் திறந்து சொன்னதே இல்லை. அவர் மேல் எனக்கிருந்த எரிச்சலில் பாதி அதனால் வந்தது. மீதியை இந்த மெஷின் கொண்டுவந்து சேர்த்தது.

நவம்பர் இரண்டாம் தேதி எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அன்றைக்கு அவரவர் வீட்டுக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் வரை காத்திருப்போம். ஆனால் மழை அதற்கு முன்பே வந்துவிடும். தோட்டம் முழுக்கப் புல் இடுப்புயரம் ஏறிக்கிடக்கும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் கத்தியும் அரிவாளுமாக வந்து தங்கள் கல்லறையைச் சுற்றி வெட்டுவார்கள். ஒரு வீட்டில் சமையல்கட்டு அரிவாள்மணையையே தூக்கிக்கொண்டு வருவார்கள். வெட்டியதோடு போனால் பரவாயில்லை. வெட்டின புல்லை எங்கே போடுவது? பக்கத்துக் கல்லறை மேல்தான். அந்த வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு அதை அப்படியே வாரி அடுத்த கல்லறை மேல் போடுவார்கள். கடைசியில் யார் தாமதமாக வருகிறார்களோ அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒரு வைக்கோல்போருக்கு அடியில் படுத்திருப்பார். அப்புறம் என்ன, சண்டைதான். செத்தவர்கள் நிம்மதியாகக் கிடக்க, உயிரோடு இருப்பவர்கள் அவர்கள் தலைமாட்டில் நின்று ஒருவர் பரம்பரையை ஒருவர் இழுத்துப் பேசுவார்கள். ஒரு வருஷம் எங்கள் அப்பாவின் கல்லறை மேல் நாலு வீட்டுப் புல் கிடந்தது. மாமா அந்தச் சண்டைக்குப் போய்ச் சட்டை கிழிந்து திரும்பினார். அடுத்த வருசம் மெசினு என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

மெஷின் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் பர்ச்சேஸ் பார்க்கிறேன். ஆகவே உலகத்தில் விற்கிற மெஷின் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகிறது என்பது மாமாவின் எண்ணம். மூன்று வாரம் என் உயிரை வாங்கினார். நான் லாரிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து போன் செய்வார். கரண்டில் ஓடுவது, பேட்டரியில் ஓடுவது, பெட்ரோலில் ஓடுவது என்று எல்லாவற்றையும் பற்றிப் படித்து, பேப்பரில் எழுதிக்கொடுத்தேன். கல்லறைத் தோட்டத்தில் பிளக் பாயின்ட் இருப்பது சவப்பெட்டியை இறக்கிவைக்கும் மண்டபத்தில் மட்டும்தான். அங்கிருந்து ஒயர் இழுத்தால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் தடுக்கி விழுந்து அங்கேயே தங்கிவிட வேண்டியதுதான். பேட்டரி பாதியில் படுத்துவிடும். தோளில் மாட்டிக்கொண்டு, நுனியில் நைலான் நரம்பு சுற்றுகிற பெட்ரோல் மெஷின்தான் சந்து பொந்தெல்லாம் போகும், அதையே வாங்கு என்று கோடு போட்டுக் காட்டினேன். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அத்த வாணாம்" என்றார். அவ்வளவுதான். யாரோ அவருக்கு போனில் ஒரு வீடியோ காட்டியிருக்கிறார்கள். நாலு சக்கர மெஷினை ஒருவன் தள்ளத் தள்ள, புல்தரையில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. சினிமா பார்ப்பது போல அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிராட்வேயில் கடைக்குப் போனபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர். பிளேடு எத்தனை அங்குலம், புல்லை எவ்வளவு உயரத்தில் வெட்ட வேண்டும், வெட்டியது பின்னால் இருக்கும் பைக்குள் எப்படிப் போகும் என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு மாமா, "இது எத்தினி டன்னு இஸ்கும்?" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கடையில் இருந்ததிலேயே அகலமான மெஷினைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார். அளந்து பார்த்தாயா மாமா என்றால், அளந்துட்டேன் என்று சட்டைப்பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக் காட்டினார். கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். சரி, இதையாவது உருப்படியாகச் செய்திருக்கிறாரே என்று நினைத்தேன். தோட்டத்தில் மெஷினைப் பிரித்து வைத்த பிறகுதான் தெரிந்தது, அவர் அளந்திருந்தது வாசல் கேட்டை. கல்லறைக்கும் கல்லறைக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம். மெஷின் அதைப் போல ஒன்றரை மடங்கு. வாழ்நாள் முழுக்கக் கப்பல் சரக்கை இறக்கியவருக்கு, சாமான் கேட்டைத் தாண்டினால் போதும், அப்புறம் நடப்பது வேறு ஆள் கவலை. இங்கே அந்த வேறு ஆள் நான்.

அகலமான இடம் என்று தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பின்பக்கச் சுவரோரம், குழந்தைகளைப் புதைக்கிற இடம். அங்கே யாரும் சிமென்ட் கட்டக்கூடாது. எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு ஆண்பிள்ளை பிறந்து ஒன்பது நாள் இருந்தான். அவன் அங்கேதான் இருக்கிறான். எங்கள் வழக்கப்படி பச்சைக்குழந்தையின் பெட்டியைத் தாய்மாமன்தான் கையில் ஏந்திப் போக வேண்டும். பெற்றவளை அழைத்துப் போவதில்லை. அப்போது மாமாவுக்கு மீசை முளைத்த வயசு. அம்மா முதலில் வைத்த இரும்புச் சிலுவையை உப்புக்காற்று தின்றுவிட்டது. இரண்டாவதாக வைத்ததை எவனோ பிடுங்கிக் காயலான் கடையில் போட்டுவிட்டான். அதற்கப்புறம் அம்மா ஒரு வெள்ளை நித்தியகல்யாணிச் செடியை வைத்தாள். ஆடு கடிக்காது, தண்ணி ஊற்ற வேண்டாம், எவனும் தூக்கிப் போகமாட்டான். செடி காய்ந்தால் அதன் விதையையே அங்கே தூவிவிடுவாள். ஒவ்வொரு வருஷமும் என்னை அப்பா கல்லறையில் உட்காரவைத்துவிட்டு, ஒற்றை மெழுகுவத்தியோடு தான் மட்டும் பின்பக்கம் போய் வருவாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைக்கென்று அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஓரடி மண்தான். மெஷின் வந்த அன்றைக்கே தம்பியை எச்சரித்தாள். "டேய், பின்பக்கம் பாத்து ஓட்டு. எம் புள்ள எடம். நீ கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவ." அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "தெரியும்க்கா" என்றார்.

முதல் சனிக்கிழமை மெஷின் ஓடியது. ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். பத்தடி தள்ளினால் பின்னாலிருக்கும் பை நிரம்பிவிடும். ஈரப்புல் மாவு போலக் குழைந்து அடைத்துக்கொள்ளும். வெட்டின புல்லை எங்கே போடுவது என்ற பழைய கேள்வி மறுபடி வந்தது. குப்பை வண்டிக்காரர் இவ்வளவு பச்சைப் புல்லை ஏற்ற முடியாது என்றுவிட்டார். தண்டையார்பேட்டையில் மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோனார் மாமா. அவர் ஒரு பிடி எடுத்து மோந்துவிட்டு, "பெட்ரோல் நாத்தம் வர்து, அதுவும் பொணத்தோட்டத்துப் புல்லு, மாடு செத்தா நீ குடுப்பியா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தோட்டத்திலேயே ஒரு மூலையில் கொட்டலாம் என்றால் பழைய சண்டை திரும்ப ஆரம்பிக்கும். ஆகவே தலைவர் யோசித்தார். ஆறு கோணிப்பை நிறையப் புல்லைக் கட்டி, எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போய்விட்டார். நான் அப்போது வேலையில் இருந்தேன்.

இரண்டாம் நாள் கோணியைத் தொட்டால் உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு. மூன்றாம் நாள் நாற்றம். நாலாம் நாள் படியில் பச்சையாகத் தண்ணி இறங்கி, கீழ் வீட்டு அம்மா அதில் வழுக்கி விழப்பார்த்தார். குடியிருக்கிற நாலு வீட்டுக்காரர்களும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டார்கள். "இன்னா மாமா இது கலீஜு" என்று போனில் கத்தினேன். "இர்றா பாப்பா, எருவாவும்" என்றார். எனக்கு நாற்பத்தைந்து வயசு. ஆபீசில் பத்து பேர் எனக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள். நான் விடியற்காலையில் எழுந்து, நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, அழுகின புல்லை இரண்டு பக்கெட்டில் அள்ளிக் கொட்ட இடம் தேடி அலைந்தேன். அந்த வாரம் முழுக்க என் கையில் அந்த நாற்றம் போகவே இல்லை. சோறு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, திருநாளுக்கு முந்தைய நாள், இந்த வேலையை இன்றோடு முடித்துத் தலைமுழுக வேண்டும் என்ற கடுப்போடு தோட்டத்துக்குப் போனேன். மாமா இல்லை. வெட்டின புல்லுக்குக் கோணி தேடிப் போயிருப்பதாகக் காவல்காரர் சொன்னார். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாகத்தான் வெட்டியிருந்தார். ஆனால் நடுவில் ஒரு மேஜை அகலத்துக்குப் புல்லை அப்படியே விட்டிருந்தார். பாதி வேலை. எப்போதும் பாதி வேலை. அந்த நேரத்தில் என் மண்டைக்குள் ஆறு கோணிப்பைகள்தான் இருந்தன. மெஷினின் கயிற்றை இழுத்து ஓட விட்டேன். உயரத்தைக் குறைத்து, அந்தப் புல்லுக்கு மேலே ஏற்றினேன். நடுவில் ஏதோ ஒரு தண்டு பிளேடில் சிக்கி மெஷின் நின்றது. குனிந்து, பற்களைக் கடித்துக்கொண்டு, அதை வேரோடு பிடுங்கி வீசினேன். மறுபடியும் ஓட்டினேன். மேலும் கீழுமாக மூன்று முறை. தரை பாய் மாதிரி ஆனது. நிமிர்ந்து வியர்வையைத் துடைத்தபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மாமா கோணியோடு வந்தார். தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெஷினின் பையைத் திறந்து உள்ளே கைவிட்டார். கையில் நறுக்கின புல்லோடு வெள்ளைப் பூக்கள் நாலைந்து வந்தன. "எங்கிருந்து புடுங்கின, காட்டு" என்றார். நான் ஒரு இடத்தைக் காட்டினேன். அப்புறம் ஒரு எட்டு தள்ளி இன்னொரு இடத்தைக் காட்டினேன். எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல இருந்தது. அவர் சுவரிலிருந்து கால் வைத்து எண்ணிப் பார்த்தார், பாதியில் விட்டுவிட்டார். கடைசியில் நான் முதலில் காட்டிய இடத்தில் ஒரு செங்கல்லைப் பதித்தார். ராத்திரி மழை பெய்தது.

மறுநாள் அம்மா செங்கல்லுக்கு முன்னால் நின்றாள். "இது இல்ல" என்றாள். "இங்கதான்க்கா" என்றார் மாமா. அம்மா ஒரு அடி தள்ளிப் போய் நின்றாள். அப்புறம் சுவர்ப் பக்கம் நகர்ந்தாள். திரும்பி வந்தாள். கையில் இருந்த ஒற்றை மெழுகுவத்தியை ஊன்றுவதும் எடுப்பதுமாக இருந்தாள். முட்டி வலிக்கிறவள், தரையில் மண்டி போட்டே நகர்ந்தாள். "என் செடி எங்கடா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "நான்தான்க்கா. மெசினு இஸ்துகினு பூட்சி. கவனிக்கல." அம்மா அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. என்னை அனுப்பி ஒரு பாக்கெட் மெழுகுவத்தி வாங்கிவரச் சொன்னாள். பாக்கெட் முழுவதையும் அந்த இடத்தில் வரிசை வரிசையாக ஊன்றி ஏற்றினாள். ஏதாவது ஒன்று அவனுக்கு மேலே எரியட்டும் என்றாள். சாமியார் மந்திரித்துக்கொண்டே வந்தவர், எத்தனை குழந்தைகள் என்று கேட்டார்.

மாமாவின் வீட்டுக்குத் தனியாகப் போய், அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். என் மேலும் அவர் மேலும் ஒருசேர ஆத்திரம். ஏன் என்னிடம் அந்த இடத்தைச் சொல்லித் தொலைக்கவில்லை என்று கேட்டேன். வேறு ஒன்று சொன்னார். "எம் மேல கோவம்னா அவ இங்க வரமாட்டா, அவ்ளோதான. நான் வேற வூட்ல கீறேன். நீ அவளோட ஒரே வூட்ல கீற. அவளுக்குக் கால் புடிக்க, சோறு போட, வேற யாரு கீறா? ரெண்டு பேரும் மூஞ்சத் திருப்பிகினு எப்டி இருப்பீங்க? வுட்டுடு." நான் விட்டுவிட்டேன். அப்போதைக்குத்தான் என்று நினைத்தேன். அம்மா அவர் வீட்டுப் படி ஏறவில்லை. அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் மாமாவையே அந்தத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டோம். அன்றைக்குத்தான் அம்மா அவர் வீட்டுக்கு வந்தாள். பெட்டியின் மேல் விழுந்து, எம் புள்ள எடத்த அழிச்சிட்டு நீயும் பூட்டியேடா என்று அழுதாள். நான் அவளுக்குப் பின்னால், விழாமல் இருக்க அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது கமிட்டிக்காரர்கள் தோளில் மாட்டும் மெஷினோடு ஒரு ஆளைக் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்கு முட்டி முழுக்கப் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு வர முடிவதில்லை. எனக்கு நேரம் இருக்கும் நாளில் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டிவிடுகிறேன். சாப்பிடும்போது அவளுக்குப் பழைய பேச்செல்லாம் வரும். தம்பியைப் பற்றி வந்தால் இன்னும் கோபம் அடங்கவில்லை. போன வாரம் ஊட்டிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்: "நீ அவனாட்டம் இல்ல. எத்தச் செஞ்சாலும் பாத்து செய்யிற." நான் அடுத்த கவளத்தைப் பிசைந்தேன்.