பத்துமலையில் எடுத்த இரண்டு படங்கள்

பெட்டிக் கேமரா வாங்கியதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் படம் பிடிக்காத ஆளும் இல்லை, ஆடும் இல்லை. மகளுக்கு முடி இறக்கப் பத்துமலைக்குப் புறப்பட்டபோது, குகைக்குள் சந்நிதி முன்னாலேயே படம் எடுப்பதென்று முடிவு கட்டியிருந்தேன். என் மனைவியை வளர்த்து ஆளாக்கிய அக்கா கடலுக்கு அந்தப் பக்கம், நாகப்பட்டினத்தில் இருந்தார். குழந்தையை அவர் பார்த்ததில்லை. அவருக்கு அனுப்பத்தான் படம்.

வெளிச்சத்துக்குக் கொளுத்தும் மக்னீசியப் பொடியை நான் வெளியே எடுத்ததுமே பூசாரி ஓடி வந்தார்.

“அண்ணே, அதைக் கொளுத்தாதீங்க. போன தடவை ஒருத்தர் கொளுத்தி, மிரண்ட வௌவால் பொங்கப் பானையிலே விழுந்திருச்சு.”

பொடி இல்லையென்றால், கேமராவைப் பாறைமேல் வைத்து, ஷட்டரைத் திறந்துவிட்டு, மேலே பிளவு வழியாக வரும் வெளிச்சத்தை நம்பிக் காத்திருக்க வேண்டும். அதுவரை யாரும் அசையக் கூடாது. இதைக் கைக்குழந்தைக்கு யார் சொல்வது? அவள் புது மொட்டையைத் தடவினாள், சந்தனத்தை வழித்து வாயில் வைத்தாள், காலை உதைத்தாள். எடுக்கும்போதே அந்தப் படம் தேறாது என்று தெரிந்தது. நல்லவேளையாகக் கொஞ்ச நேரத்தில் தாய் மடியிலேயே தூங்கிப்போனாள். பூசாரி கொடுத்த மாலையை அவள்மேல் போட்டு இன்னொரு படம் எடுத்தேன்.

ஸ்டூடியோவில் படங்களைக் கழுவி வாங்கி வந்ததும் என் கைவண்ணத்தை நானே மெச்சிக்கொண்டேன். தூங்கும் படத்தில் இமைமுடிகூடத் தெரிந்தது. மற்றதில் மனைவி மட்டும் தெளிவாக இருந்தாள். மடியில் வெள்ளையாக ஒரு கலங்கல். நல்ல படத்தை உறையில் போடப் போனேன். மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னங்க, கண்ணு மூடியிருக்கு. மாலை வேற. அக்கா என்ன நெனைப்பாங்க?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டுக்கு நாங்கள் இதற்குமுன் அனுப்பியது ஒரே ஒரு படம். காய்ச்சலில் போன எங்கள் மூத்த பையனை, எடுத்துப் போவதற்கு முன் ஸ்டூடியோக்காரரை அழைத்து எடுத்த படம். அவனுக்கும் மாலை போட்டிருந்தோம். அக்கா அவனைப் பார்த்தது அந்தக் கோலத்தில் மட்டும்தான்.

“புள்ள தூங்குதுன்னு எழுதிடலாமே” என்றேன்.

“எழுதினதைப் படிக்கிறதுக்குள்ளே அவங்க விழுந்துடுவாங்க. மத்ததை அனுப்புங்க.”

“அதிலே மூஞ்சியே இல்லையே.”

“ஆடுதுல்ல. அது போதும்.”

அதையே அனுப்பினோம்.

மகள் ஓடியாடும் வயதில்தான் ஊருக்குப் போக முடிந்தது. அக்கா வீட்டுக் கூடத்தில் மூத்தவன் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கலங்கல் படம் மாட்டியிருந்தது. அது வந்த அன்று அக்கா தெருவில் ஒரு வீடு விடாமல் அதைக் கொண்டுபோய்க் காட்டினாராம். மூஞ்சி தெரியவில்லையே என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதில்தானாம்.

“மூஞ்சி கெடக்குது. காலை எப்படி ஒதைக்குது பாருங்க.”