அத்தையைத் தாண்டிப்போன புரோகிராம்

பலாக்காலத்தில் எங்கள் மலையூர்ப் பழத்தை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறக்க ஒரு லாரி வரும். நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அதனால், யாருடைய பழம் அன்று போகிறது என்று மெசேஜ் அனுப்பும் புரோகிராமை என் தலையில் கட்டினார்கள். பட்டியலில் வீடுகள் வரிசையாக இருக்கும்; புரோகிராம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். 'பழம் இல்லை' என்று சொன்ன வீட்டை அன்றைய பட்டியலிலிருந்து நீக்கிவிடும். மற்றவர்களுக்கு, 'ரோட்டுக்குக் கொண்டு வாங்க' என்று செய்தி போகும்.

பக்கத்து வீட்டு அத்தை, அப்பாவின் தங்கை, திடீரென்று எங்கள் வாசல் மிதிப்பதை நிறுத்திவிட்டார். கூப்பிடப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"உங்க ஊட்டுப் பழம் போற அன்னிக்கு எனக்கும் மெசேஜ் வருது. உங்களுக்கு இல்லாத அன்னிக்கு எனக்கும் வர்றதில்ல. என்ற பேரை நீ எடுத்தது உங்கம்மா சொல்லித்தானே, கண்ணு?"

இதைக் கேட்டு அம்மா அழுதேவிட்டாள். எனக்கோ, வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஆர்வம் தாங்கவில்லை. கம்ப்யூட்டருக்கு ஏது நாத்தனார் சண்டை?

பலாக்கொட்டைகளை வரிசையாக வைத்து, புரோகிராம் போகிறபடியே விரலை நகர்த்தினேன். மூன்றாவது எங்கள் வீடு. எங்களுக்கு மரம் குறைவு. அடிக்கடி 'இல்லை' என்பது நாங்கள்தான். அந்தக் கொட்டையை எடுத்ததும் பின்னால் இருந்தவற்றை ஓர் இடம் முன்னே தள்ளினேன். புரோகிராமும் அப்படித்தான் செய்யும். நான்காவதாக இருந்த அத்தை மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டார். என் விரலோ, மூன்றைப் பார்த்தாயிற்று என்று நான்குக்குப் போய்விட்டது. அத்தையை யாரும் நீக்கவில்லை, பார்க்கவுமில்லை!

பட்டியலைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் பார்க்கும்படி மாற்றினேன். இனி இடம் மாறுகிறவர்கள் ஏற்கெனவே பார்த்து முடித்தவர்களாக இருப்பார்கள். கொட்டைகளை அள்ளிக்கொண்டு ஓடி அத்தை வாசலில் அடுக்கிக் காட்டினேன். அவரும் ஒரு கொட்டையை எடுத்து, மற்றதைத் தள்ளிப் பார்த்தார்.

"செரி கண்ணு, மிசினு பாக்காம தாண்டிப் போயிருச்சு. உங்கம்மா மேல தப்பு இல்ல" என்றார். கொட்டைகளைக் கூட்டி என் கையில் கொடுத்தார். "என்ற பழமெல்லாம் வாசல்ல கெடந்து அழுகி ஊரே நாறுச்சே. பக்கத்து ஊட்டுல இருந்த உங்களுக்கு மூக்குல ஏறலையா?"

ஏறியது. ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்த்தேன்.