பீர் முகைதீனின் ரப்பர் மீன்

நூருன்னிசா புருஷனைத் துரத்திவிட்டாள் என்று பசுந்தாங் பேட்டை முழுக்கப் பேசிக்கொண்டு திரிகிறார்களே, அது சுத்தப் பொய். பீர் முகைதீன் தானாகத்தான் போனார். சலவைக் கைலி கட்டிக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். பேசுகிறவர்கள் அதையும் சேர்த்துப் பேசட்டும்.

அடுப்பில் செருப்பை உருக்கினார், நாற்றம் தெருவரை வந்தது. அதெல்லாம் உண்மை. மெத்தென்ற பிளாஸ்டிக் செருப்பை எண்ணெய் விட்டு உருக்கி அச்சில் ஊற்றினால் விரல் நீளத்துக்கு ரப்பர் மீன் வரும். அதைத் தூண்டிலில் கோத்து இழுத்தே கொடுவா மீன் பிடிக்கலாம் என்று ஒரு கப்பல்காரர் காட்டிய நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. கலங்கிய ஓடைத் தண்ணீருக்குப் பச்சையும் ரோஸும்தான் எடுப்பாகத் தெரியும் என்று நிறம் தேர்ந்தார். மீனுக்கு மணக்கட்டும் என்று சோம்பு எண்ணெய் தடவினார். எல்லாம் இருந்தது, வால்தான் ஆடவில்லை. வாளித் தண்ணீரில் இழுத்தால் குச்சி மாதிரி நேராக வந்தது. அதை எந்த மீன் திரும்பிப் பார்க்கும்?

நூருன்னிசாவின் அண்ணன் நியாஸுக்குக் கைலிக் கடை. மச்சானைத் தன் கடையில் உட்கார வைப்பதென்று அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

"பெருநாளுக்குள்ளே அந்த ரப்பரை வெச்சு ஒரு மீனு பிடிச்சுக் காட்டுங்க மச்சான். இல்லாட்டி கடைக்கு வந்துடணும்."

பீர் முகைதீன் தலையாட்டிவிட்டார். ஆயுசு முழுக்கக் கைலியை உதறி உதறி மடிப்பதை நினைத்தவர், அன்றைக்கே இன்னொரு செருப்பை உருக்கப் போட்டார்.

பெருநாளுக்கு நான்கைந்து நாள் இருக்கையில் நியாஸ் நோன்பு திறக்க வந்தார். கரண்ட் இல்லை. ஒத்தாசைக்கு வந்த பக்கத்து வீட்டு பல்கீஸ், ஜன்னலோரம் ஆறிக்கொண்டிருந்த தட்டைப் பார்த்து, கடல்பாசி இனிப்பு என்று நினைத்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பச்சையும் ரோஸும், சோம்பு வாசம் வேறு. நியாஸ் கஞ்சியைக் குடித்துவிட்டு ஒன்றை வாயில் போட்டார். மென்றார். மறுபடியும் மென்றார்.

"கடல்பாசி கொஞ்சம் கெட்டியா இருக்கே தங்கச்சி."

"சீனி பத்தலையா காக்கா?" என்று நூருன்னிசா அடுக்களையிலிருந்தே அண்ணனைக் கேட்டாள்.

"சீனி கெடக்கட்டும். பல்லே எறங்க மாட்டேங்குது."

பீர் முகைதீன் பார்த்துவிட்டார். நோன்பாளியைப் பாதியில் நிறுத்துவது மரியாதையா என்று சற்று யோசித்தார்.

"மச்சான், முழுங்கிடாதீங்க. அது என் மீனு."

நியாஸ் கையில் துப்பினார். "செருப்பையா எனக்குத் தின்னக் குடுத்தீங்க?"

பீர் முகைதீன் காதில் அது விழவில்லை. வால் தொடங்கும் இடத்தில் பல் பட்டு ரப்பர் மெலிந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு வாளிக்கு ஓடி இழுத்துப் பார்த்தார். வால் துடித்தது, உயிருள்ளது போல.

"மச்சான், இன்னும் ரெண்டு கடிச்சுத் தாங்களேன்."

நியாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

பீர் முகைதீன் அச்சில் அந்த இடத்தை மட்டும் ஒடுக்கிப் புதிதாக ஊற்றினார். பெருநாளுக்கு முந்தின நாள் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு கொடுவா அதைக் கடித்தது, கை நீளம். மறுநாள் நியாஸ் அந்தக் குழம்பை இரண்டு தட்டுச் சோற்றோடு சாப்பிட்டார். கடைப் பேச்சை எடுக்கவே இல்லை.

சேதி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தன்லியின் என்ற ஊர் வரை போயிற்று. அங்கே ஒரு படகுக்காரர், உருக்கி ஊற்றத் தன் கொட்டகையைத் தருவதாகச் சொல்லியனுப்பினார். போகிற அன்று சட்டியையும் அடுப்பையும் நூருன்னிசாதான் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் பார்த்தது அதைத்தான்.

"எப்ப வருவீங்க?"

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்துடுவேன்."

"நீங்க வாங்க. அடுப்பு அங்கேயே இருக்கட்டும்."

அவர் சிரித்தபடி சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அடுப்பை இடுக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.