செல்லம்மாவின் அரைப்பேர்

எங்கள் அலுவலகத்தில் லீவு கேட்பதற்கு இப்போது கடதாசி கிடையாது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். போன கிழமை அரைநாள் லீவு கேட்க உட்கார்ந்த எனக்கு, 'காரணம்' என்ற கட்டத்தில் எதை எழுதுவதென்றே தெரியவில்லை. ஏனென்றால் காரணம் ஒன்றும் இல்லை. இத்தனை வருட உத்தியோகத்தில் கலியாணம், காய்ச்சல், கருமாதி எல்லாவற்றுக்கும் லீவு எடுத்திருக்கிறேன். சும்மா இருப்பதற்கு எடுத்ததில்லை. பக்கத்து மேசை ரிஸ்வான் எட்டிப் பார்த்து, "என்ன மிஸ், ஏதும் விசேஷமா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல தம்பி, ஒரு அரைப்பேரு."

"அரைப்பேர் போட்டா சிஸ்டம் எடுக்காது மிஸ், முழுப்பேரையும் அடிங்க."

அவர் மேல் குற்றமில்லை. பதுளை கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தச் சொல் எப்படித் தெரியும்? உங்களுக்கும் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆஜராகி, பின்னேரம் வரை கொழுந்தெடுத்தால் அன்றைக்குப் பேர் விழும். மத்தியானத்தோடு நிறுத்திக்கொண்டால் அரைப்பேர். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஆறு வயதில் எனக்கு அது இப்படி விளங்கவில்லை.

என் அம்மாவின் பேர் செல்லம்மா. தெமோதரை ஸ்டேசனுக்குக் கீழே இருந்த தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒரு காம்பரா எங்கள் வீடு. ஒரு மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணக்கப்பிள்ளை ஐயா கணக்குக் கொப்பியிலிருந்து தலையை எடுக்காமலே, "செல்லம்மா, அரைப்பேரு" என்றார். ஒரு மனுஷியின் பேரை இப்படிப் பாதியாக வெட்டிவிட்டாரே என்று அவர் கொப்பியையே முறைத்துப் பார்த்தேன். வழியெல்லாம் யோசித்து, வீட்டு வாசலில் வைத்துக் கேட்டேன். "எந்தப் பாதிய எடுத்துக்கிட்டாங்க?"

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு முகத்தைச் சீரியசாக வைத்துக்கொண்டு, "செல்லத்த அவங்க எடுத்துக்கிட்டாங்க. அம்மாவ நான் வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்" என்றாள்.

நான் அப்படியே நம்பினேன். நம்பியதோடு விட்டேனா, பள்ளிக்கூடத்திலும் போய்ப் பரப்பினேன். என் பக்கத்தில் இருந்தவளின் அம்மா பேர் பேச்சி. அரைப்பேர் விழுந்தால் தன் வீட்டுக்கு 'ச்சி' மட்டும்தானே வரும் என்று அவள் ஒரு பாடவேளை முழுக்க அழுதாள்.

அம்மா புதன்கிழமை தோறும் வேண்டுமென்றே அரைப்பேர் எடுப்பாள். மத்தியானம் வந்து, மலையிலிருந்து குழாய் வழியாக விழும் பீலித் தண்ணீரில் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் வாசலில் இருப்பாள். சிவப்புச் சவர்க்கார வாசனை எங்கே வந்தாலும் எனக்கு இன்றைக்கும் புதன்கிழமை ஞாபகம்தான் வரும். ஏன் புதன் என்று பக்கத்துக் காம்பராக்காரர்கள் கேட்பார்கள். "ஞாயித்துக்கெழமைக்கு வெறகு இருக்கு, துணி இருக்கு. புதன்கெழமைக்கு ஒரு வேலயும் இல்ல. அதான் நான் எடுத்துக்கிட்டேன்" என்பாள்.

அந்த நாளில் என்ன பெரிய காரியம் செய்தோம் என்கிறீர்களா? ரயில் பார்த்தோம். பதுளையிலிருந்து ஏறி வரும் ரயில், ஸ்டேசனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அதே ஸ்டேசனுக்கு மேலே வந்து சேரும். கீழே நின்று அது நுழைவதைப் பார்த்துவிட்டு, ஒற்றையடிப் பாதையில் ஏறி, மேலே அது வருவதையும் பார்ப்போம். கண் தொடர முடியாத வேகத்தில் கொழுந்து கிள்ளுகிற அம்மா, அன்றைக்கு மட்டும் கொய்யா மரத்தைக் கண்டால் நிற்பாள், நாயைக் கண்டால் பேசுவாள். "ரயிலு வந்துரும்மா" என்று நான் பறப்பேன். "வரட்டும். அது சுத்திக்கிட்டுத்தான வரணும்" என்பாள். பாதி நாள் ரயில்தான் முந்தும். தேயிலை ஸ்டோரில் வேலை செய்த அப்பா, "ரயிலு என்ன ஒங்க சொந்தக்காரனா?" என்று கேலி செய்வார்.

எனக்குப் பத்து வயதானபோது கணக்கப்பிள்ளை ஐயா அம்மாவைக் கூப்பிட்டு, கங்காணி வேலைக்கு அவள் பேரைச் சொல்லப்போவதாகச் சொன்னார். எங்கள் தோட்டத்தில் அதுவரை பெண் கங்காணி கிடையாது. கங்காணி என்றால் முதுகில் கூடை இல்லை, அதைத் தாங்கத் தலையில் கயிறு இல்லை. கொழுந்தெடுப்பவர்களின் நிரைக்குப் பின்னால் குச்சியோடு நின்று மேற்பார்வை பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. "அரைப்பேரு ஆட்டமெல்லாம் விட்டுறணும், செல்லம்மா. யோசிச்சுப் புதன்கெழம சொல்லு."

வகுப்பில் நான் 'கங்காணி மகள்' என்று அளந்து திரிந்தேன். வீட்டுக்கு வந்தால், இனி என்னோடு ரயில் பார்க்க யார் வருவார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்தப் புதன்கிழமை ஓடோடி வந்து பார்த்தால் வாசலில் ஆள் இல்லை, ஆணியில் கூடையும் இல்லை. முழுப்பேர் எடுத்துவிட்டாள், முடிந்தது என்று படியில் உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டேன். சிறிது நேரத்தில் பீலிப் பக்கமிருந்து ஈரத் தலையோடு அம்மா வந்தாள். கையில் கழுவிய கூடை.

"ஏன்டி அழுவுற?"

"நீ கங்காணி ஆகலயா?"

"ஐயாகிட்ட சொல்லிட்டேன். அந்த அரைப்பேரு எனக்கு வேணுமுங்கன்னு. மூஞ்சியக் கழுவிட்டு வா, ரயிலு வந்துரும்."

அம்மா அவசரப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாயில் சோற்றோடு ஓடினேன்.

பிறகு அவள் பென்சன் எடுக்கும்வரை கூடைதான் சுமந்தாள். கடைசிக் காலத்தில் என்னோடு பதுளையில் இருந்தபோது, ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்தேன். உச்சியில் கயிறு அழுந்திய பள்ளத்தில் விரல் இறங்கியது. கேட்காமல் இருக்க முடியவில்லை. "அந்த வேலய விட்டுட்டோமேன்னு வருத்தமா இல்லயாம்மா?"

"இல்லாம? ரெண்டு நாளு சோறே எறங்கல" என்றாள். "அப்பறம் அடுத்த புதன்கெழம வந்துருச்சு."

அம்மா போய் நான்கு வருடமாகிறது. காரணக் கட்டத்தில் 'சொந்த வேலை' என்று அடித்து, புதன்கிழமை மத்தியானத்தோடு லீவு வாங்கிக்கொண்டு தெமோதரைக்குப் போனேன். அவள் கொழுந்தெடுத்த மலை இப்போது காடு. ஒற்றையடிப் பாதையைப் புல் மூடிவிட்டது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தண்டவாளத்தோரம் நின்று படம் பிடிக்கிறார்கள். நல்ல வெயில், நல்ல காற்று, ரயிலும் வந்தது. கைகாட்டினேன், யாரோ திருப்பிக் காட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புதன்கிழமை என்று முன்பு ஒன்று இருந்தது. இப்போது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேலைநாள்தான்.